சூடு தெரியாத கை

நார்த்தங்காய்த் தோலை நறுக்கிக்கொண்டிருந்த கத்தி ஓரெஸ்தேவின் கையிலிருந்து நழுவி மேசைமேல் விழுந்தது. அடுப்படியில் இருந்த மற்ற மூன்று பேரும் தலையைத் திருப்பவில்லை. சர்க்கரைப் பாகில் ஊறிக் காய்ந்த தோல் பிசின் மாதிரி ஒட்டும்; கத்தி வழுக்குவது புதிதல்ல. ஆனால் கத்தி விழுந்ததே ஓரெஸ்தேவுக்குச் சத்தம் கேட்டபிறகுதான் தெரிந்தது. பிடித்திருக்கிறேன் என்றோ விட்டுவிட்டேன் என்றோ கையிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அவர் குனிந்து வலது கையைப் பார்த்தார். விரல்கள் இன்னும் கத்தியைப் பிடித்திருப்பது போலவே வளைந்து நின்றன, கழற்றி வைத்த கையுறை போல. யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு இடது கையால் கத்தியை எடுத்துக்கொண்டார்.

மாதாவின் டிசம்பர்த் திருநாள். இத்தாலியின் உருக்காலை ஊரான தெர்னியில் அன்றைக்கு எந்த வீட்டு மாடிப்படி ஏறினாலும் மிளகும் சாக்லேட்டும் கலந்த ஒரே வாசனைதான் இறங்கி வரும். கொட்டையும் தேனும் சாக்லேட்டும் சேர்ந்த பம்பபாத்தோ உருண்டை செய்கிற நாள். பேக்கரியில் விற்கிறார்கள், இல்லையென்று இல்லை. வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போவார்கள். ஊர்க்காரன் வீட்டில் செய்வான், செய்ததைத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கொடுப்பான், அவர்கள் வீட்டிலிருந்து வந்ததைத் தின்றுவிட்டு நம்முடையதுதான் நன்றாக இருக்கிறது என்பான்.

"மச்சான் இன்னும் நார்த்தங்காயிலயே நிக்கிறாரு," என்றான் வாஸ்கோ. ஓரெஸ்தேவின் மனைவி ஜில்தாவுக்குத் தம்பி அவன். கால்களுக்கு நடுவே ஒரு கூடையை வைத்துக்கொண்டு வால்நட் உடைத்துக்கொண்டிருந்தான். "உசரத்துல ஏறினாத்தான் அவருக்கு வேகம் வரும்போல. அக்கா, மேசையத் தூக்கி உத்தரத்துல கட்டிவிடேன்."

"நீ உடைக்கிற லட்சணத்தப் பாரு மொதல்ல. பாதி உன் வாய்க்குள்ள போவுது," என்றாள் ஜில்தா.

"தரம் பாக்க வேணாமா? கெட்ட பருப்பு ஒண்ணு விழுந்தா அத்தனையும் கசந்துபோகும்."

"கோயில் பக்கம் தலவச்சுப் படுக்காத ஆளு, மாதா திருநாளுக்கு மட்டும் மொத ஆளா வந்து உக்காந்துருவாரு," என்றாள் வாஸ்கோவின் மனைவி நெல்லா, ஜாதிக்காயைத் துருவியபடி.

"மாதாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்த இல்ல. அதுக்காக அவ பண்டத்தோட எனக்கென்ன சண்ட?"

நெல்லா சிரித்தாள். ஓரெஸ்தேவும் சிரித்தார். சிரிக்கும்போது வலது கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய்த் தொடைமேல் வைத்துக்கொண்டார். ஈஸ்டர் கழிந்ததிலிருந்து அவருக்கு இது பழக்கமாகிவிட்டது.

முதலில் சட்டைப் பொத்தான் அகப்படவில்லை. கண்ணுக்குத் தெரிகிற பொத்தான், விரலுக்குத் தெரியவில்லை. பிறகு பாக்கெட்டுக்குள் கையை விட்டால் சாவி எது, சில்லறை எது என்று சொல்ல முடியவில்லை. கோடை முடிவதற்குள் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் கனமான எதையாவது பிடித்துக்கொண்டு கையை நீட்டினால், மணிக்கட்டிலிருந்து கீழே எல்லாம் தானாக ஆட ஆரம்பித்துவிடும். காப்பிக் கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். ரொட்டியை இடது கையால் பிய்த்தார். ஜில்தா ஒருநாள், "என்னய்யா, வயசான காலத்துல எடங்கைக்காரனாயிட்ட?" என்று கேட்டதற்கு, தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவைத்தார். வைத்தியரிடம் போகவில்லை. உருக்காலை வார்ப்புக் கூடத்தில் முன்பு தன்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இப்படித்தான் விரலில் ஆரம்பித்தது. இப்போது அவர் சன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மருமகள் கரண்டியால் சூப் ஊட்டுகிறாள்.

வேறு வேலையாக இருந்தால் கையில்லாமலும் ஒப்பேற்றிவிடலாம். ஓரெஸ்தே உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவர். கூரைக்கடியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, உருகிய உருக்கு நிரம்பிய கொப்பரையை உலையிலிருந்து தூக்கி வந்து அச்சுகளின் தலைக்கு மேல் நிறுத்த வேண்டும். இடது கை நெம்புகோல் கிரேனை ஓட்டும். வலது கை நெம்புகோல் கொப்பரையை ஏற்றும், இறக்கும். ஒரு வீட்டை அப்படியே அள்ளிக்கொண்டு வருவது போன்ற அந்தக் கனத்தை ஓரெஸ்தே இறக்கினால், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல இருக்கும் என்று ஆலை முழுக்கப் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டவனே வாஸ்கோதான். அவனுக்கு வேலை கீழே, வார்ப்புக் குழியில், கொப்பரைக்கு நேர் அடியில். "மேல மச்சான் இருந்தா கீழ நான் கண்ண மூடிக்கிட்டு நிப்பேன்," என்று ஒயின் கடையில் அவன் சொல்லாத சனிக்கிழமை கிடையாது.

இப்போதெல்லாம் வலது கை நெம்புகோலைப் பிடித்திருக்கிறதா என்று ஓரெஸ்தே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கையைப் பார்த்தால் கொப்பரையைப் பார்க்க முடியாது. கொப்பரையைப் பார்த்தால் கையைப் பார்க்க முடியாது. முழங்கையை இடுப்பில் அண்டக் கொடுத்து, ஒரு கண் இங்கே ஒரு கண் அங்கே என்று இத்தனை மாதம் ஓட்டிவிட்டார். போன வாரம் கொப்பரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கை நழுவிவிட்டது. கொப்பரை ஓர் ஆள் உயரத்துக்குத் தொப்பென்று இறங்கி, சங்கிலி இழுத்துப் பிடித்து, ஆட ஆரம்பித்தது. விளிம்பு தாண்டித் தளும்பியது குழியோரத்தில் விழுந்து பொறி பறந்தது. ஒருவனுடைய பூட்ஸ் பற்றிக்கொண்டது. வாஸ்கோ பின்னால் பாய்ந்து மணலில் மல்லாக்க விழுந்தான். மேலிருந்து ஓரெஸ்தே, "பிரேக்! பிரேக் பிடிக்கல!" என்று கத்தினார். யோசித்துக் கத்தியதல்ல. கத்தி முடித்தபிறகு வலது கையைப் பார்த்தார். அது மடிமேல் கிடந்தது.

யாருக்கும் பெரிய காயமில்லை. அதனாலேயே பேச்சு முழுக்க பிரேக்கைப் பற்றியதாகிவிட்டது. பிரேக்கைப் பார்த்துக்கொள்கிறவன் அல்வாரோ. "முந்தின நாள்தான் கழட்டிப் பாத்தேன், அதுல ஒரு கோளாறும் இல்ல," என்று அவன் ஒரே பேச்சாக நின்றான். ஓரெஸ்தேவின் கையா, அல்வாரோவின் பிரேக்கா என்று வந்தபோது யாரும் அதிக நேரம் யோசிக்கவில்லை. விசாரணை முடிகிறவரை வீட்டில் இரு என்று அல்வாரோவை அனுப்பிவிட்டார்கள். ஓரெஸ்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், மறுநாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாள் கழியும்போதும் அந்த வார்த்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது.

"அல்வாரோ வீட்டுக்கு இந்த வருஷம் ரெண்டாக் குடுக்கணும்," என்றாள் ஜில்தா, தேனையும் சாக்லேட்டையும் அடுப்பில் கிளறிக்கொண்டே. அக்டோபரில் காய்ச்சி வைத்திருந்த திராட்சைச் சாற்றைப் புட்டியிலிருந்து அதற்குள் சாய்த்தாள். கறுப்பாக, எண்ணெய் மாதிரி இறங்கியது. "மாதா திருநாளும் அதுவுமா அவன் வீட்ல ஒக்காந்திருக்கான். அவன் பொண்டாட்டி பீனாவ நெனச்சா பாவமா இருக்கு."

"எதுக்கு அண்ணி? அவன் ஒழுங்கா வேல பாத்திருந்தா எம்புருஷன் மணல்ல உருண்டிருப்பாரா?" என்றாள் நெல்லா. "நூலிழையில தப்பிச்சு வந்திருக்காரு. இந்த வருஷம் அந்த வீட்டுக்கு ஒண்ணும் வேணாம்."

"ஒரு வீட்ட விட்டுட்டா ஊரே கேக்கும்டி."

"கேக்கட்டும். அந்தம்மா போடுற மிளகுக்கு நாக்கு ரெண்டு நாள் எரியுது. அதுவும் மிச்சம்."

"குடுத்துருவோம் நெல்லா," என்றான் வாஸ்கோ. அவன் குரலில் கிண்டல் குறைந்திருந்தது. "நானே அவனுக்கு எதிரா நின்னு சாட்சி சொல்லிட்டேன். இதையும் நிறுத்திட்டா அப்புறம் பாலத்துல பாத்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் போகணும். என்னா மச்சான்?"

ஓரெஸ்தே பெரிய பித்தளைப் பேசினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உடைத்த வால்நட், பாதாம், ஹேசல்நட், பைன் கொட்டை, ஊறிய உலர்திராட்சை, நறுக்கிய தோல், மேலே மிளகும் பட்டையும் ஜாதிக்காயும் தூவிக் குன்றாகக் கிடந்தது. "ஊத்து," என்றார். ஜில்தா சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து, கொதித்துக்கொண்டிருந்த கறுப்புப் பாகை அதன்மேல் ஊற்றினாள். ஆவி எழும்பி எல்லார் மூக்கிலும் மிளகு ஏறியது. நெல்லா தும்மினாள்.

ஊற்றியதும் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம். ரொம்பவும் ஆறவிட்டால் கல்லாகிவிடும், கை இறங்காது. பொறுக்கிற சூடு வந்ததும் கையை விட்டுவிட வேண்டும். ஒருவன் பேசினை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொள்ள, இன்னொருவன் அடியிலிருந்து புரட்டிப் புரட்டிப் பிசைவான். ஆண்கள் அடுப்படிக்கு வருவதே இதற்காகத்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து இந்த வீட்டில் பிசைகிற கை ஓரெஸ்தேவுடையது. ஆனால் அல்வாரோவைப் பற்றிய பேச்சு நடுவில் அறுந்து நிற்கிறது, வாஸ்கோ இன்னும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓரெஸ்தே இடது கையால் பேசினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஆறக் காத்திருக்காமல் வலது கையை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டார்.

நன்றாகத்தான் இருந்தது. தோளும் முதுகும் வேலை செய்தன; கை அவை சொன்னபடி போய் வந்தது. அடியில் கிடந்த கொட்டைகள் பாகோடு புரண்டு மேலே வந்தன. கனம் தோளில் தெரிந்தது. பரவாயில்லை, இன்னும் பலம் இருக்கிறது, பிசைய முடிகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். பல மாதத்துக்குப் பிறகு மனசுக்குள் சின்னதாக ஒரு தெம்பு வந்தது. வாஸ்கோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினை முழங்காலுக்கு நடுவில் வாங்கிக்கொண்டான். விளிம்பில் ஒட்டியிருந்த கொட்டைகளை உள்ளே தள்ளுவதற்காகக் கையை வைத்தான்.

"யம்மா!"

கையை உதறி விரல்களை வாயில் வைத்துக்கொண்டான். பேசின் ஒருபக்கம் சாய்ந்தது. ஜில்தா தாவிப் பிடித்தாள்.

"கொதிக்குதுய்யா! இதுக்குள்ளயா கைய விட்டீங்க?"

"எங்கண்ணன் கை இரும்புக் கையில்ல," என்று நெல்லா சிரித்தாள். "உலைக்கு மேலயே ஒக்காந்து ஒக்காந்து உறைச்சுப்போச்சு. உங்கள மாதிரி வெண்ணெய்க் கையா?"

ஓரெஸ்தேவும் சிரிக்கத் தயாரானார். வாஸ்கோ சிரிக்கவில்லை. சுட்ட விரல்கள் வாயிலேயே இருக்க, அவன் பேசினுக்குள் புதைந்திருந்த அந்தக் கையைப் பார்த்தான். அது இன்னும் உள்ளேதான் இருந்தது. அவசரமில்லாமல், குளிர்ந்த தண்ணீரில் கிடப்பது போல. பிறகு ஓரெஸ்தேவின் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் ஓரெஸ்தேவுக்குக் கையை வெளியே எடுக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய விநாடியே பிந்திவிட்டது என்றும் தெரிந்தது.

ஜில்தா அவர் முழங்கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். பச்சைத்தண்ணீரில் கறுப்புக் கரைந்து ஓட ஓட, அடியிலிருந்து சிவப்பு வந்தது. விரல்களின் பின்பக்கம் தோல் எழும்பி நின்றது. கட்டைவிரல் அடியில் ஒரு கொப்புளம், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாகியது.

"சுடலயா?"

"கொஞ்சம் சுட்டுச்சு."

அவள் தண்ணீருக்கடியில் அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். கண்ணை மட்டும் அவர் முகத்திலேயே வைத்திருந்தாள்.

"இப்ப நான் என்ன செஞ்சேன்?"

"என்ன செஞ்ச... கழுவுற."

"கிள்ளினேன்யா," என்றாள் ஜில்தா. குரல் இறங்கிப்போயிருந்தது. "நகம் பதியக் கிள்ளினேன்."

ஓரெஸ்தே கீழே பார்த்தார். சுண்டுவிரல் பக்கத்தில் பிறைபோல நகத்தடம் ஆழமாக இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"தோள்பட்டைலருந்துதான்..."

"என்கிட்ட தோள்பட்டைன்னு சொல்லாத. ஈஸ்டருக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

அவள் குழாயை மூடினாள். பின்னால் பால்கனிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நெல்லா மட்டும் மேசையருகே, துருவியைக் கையில் பிடித்தபடி, என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்றாள்.

கையில் ஆலிவ் எண்ணெய் தடவிப் பழைய தலையணை உறையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு ஓரெஸ்தே பால்கனிக்குப் போனபோது, வாஸ்கோ கம்பியில் சாய்ந்து, பற்றவைக்காத சிகரெட்டை உருட்டிக்கொண்டிருந்தான். கீழே தெருவில் ஒரு பெண் துணி மூடிய தட்டோடு எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள். கூரைகளுக்கு அப்பால் ஆலையின் புகைபோக்கிகள். உலைக்குத் திருநாள் கிடையாது. அந்த இரைச்சல் இந்த ஊரில் பிறந்தவன் காதுக்குள்ளேயே குடியிருப்பது.

"பிரேக்கா?" என்றான் வாஸ்கோ, திரும்பாமல்.

ஓரெஸ்தே கதவைச் சாத்தினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கிறேன். பிரேக்கா, கையா?"

"தெரியல மாப்ளே. அந்த நேரத்துல..."

"தெரியலன்னு சொல்லாத. உனக்குத் தெரியும்."

இத்தனை வருஷத்தில் வாஸ்கோ அவரை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். சொன்னது அவனுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். சிகரெட் அவன் விரல்களுக்கிடையில் நசுங்கியது.

"கை," என்றார் ஓரெஸ்தே.

வாஸ்கோ தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். "நான் ஃபோர்மன்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? எங்கக்கா புருஷன் கை ஆடினா என் கைய வெட்டிக்கிறேன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவனும் சிரிச்சான். அல்வாரோ பக்கத்துலதான் நிக்கிறான். என்னையே பாத்தான். ஒரு வார்த்த பேசல. இப்ப வரைக்கும் அந்தப் பார்வ எனக்குத் திமிரா தெரிஞ்சுது. தப்பு பண்ணிட்டு மொறைக்கிறான் பாருன்னு நெல்லாகிட்ட வந்து சொன்னேன்."

"சொல்லணும்னுதான்..."

"எப்ப? இன்னொரு தரம் விழுந்தப்புறமா?"

கீழே யாரோ யாருக்கோ வாழ்த்துச் சொன்னார்கள். வாஸ்கோ கையசைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நான் போயி வாயத் திறக்க மாட்டேன். ஆலைல ஒருத்தன் இன்னொருத்தனப் போட்டுக் குடுக்கிற பழக்கம் எங்க வீட்ல கிடையாது, எங்கப்பா காலத்துலயும் இல்ல. ஆனா காலைல நீ அந்த ஏணில ஏறினா, கீழ நான் இருக்க மாட்டேன். காய்ச்சல்னு சொல்லிருவேன். அந்த எடம் சும்மா கெடக்காது, வேற ஒருத்தன் வந்து நிப்பான். அவனுக்கு நீ மச்சான்கூட இல்ல."

ஓரெஸ்தே கட்டுப் போட்ட கையைக் கம்பிமேல் வைத்தார். டிசம்பர் மாதத்துக் கம்பி எப்படிக் குளிர்ந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். "எறங்கிட்டா நான் யாருடா?" என்றார். "முற்றத்துல இரும்புத்தூள் பெருக்கச் சொல்லுவாங்க. இல்ல, அதுவும் வேணாம் வீட்டுக்குப் போன்னுவாங்க. சன்னல் பக்கத்துல ஒரு நாற்காலி. அப்புறம் நான் யாரு?"

"அது எனக்குத் தெரியல," என்றான் வாஸ்கோ. "ஏறினா யாருன்னு தெரியும்."

உள்ளேயிருந்து ஜில்தா கண்ணாடியைத் தட்டினாள். பாகு இறுகிக்கொண்டிருந்தது. வீட்டில் இடி விழுந்தாலும் அது காத்திருக்காது. வாஸ்கோ போய், ஆறத் தொடங்கிய கறுப்புக் கலவையில் மாவைத் தூவி, பல்லைக் கடித்துக்கொண்டு பிசைந்து முடித்தான். பிறகு எல்லாரும் கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து உருண்டை பிடித்தார்கள்; கவிழ்த்த கிண்ணம் போல ஒவ்வொன்றாக எண்ணெய் தடவிய தகட்டில் உட்கார்ந்தது. நெல்லாவுக்கும் இப்போது விஷயம் தெரிந்திருந்தது. ஜில்தா சொல்லியிருப்பாள், அல்லது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும். அவள் ஓரெஸ்தேவின் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்பு வரை எங்கண்ணன் கை என்று சொன்ன வாய்.

"எனக்கும் ஒண்ணு குடு," என்றார் ஓரெஸ்தே.

"புண்ணுக் கையோடயா?"

"குடு."

சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, ஒரு பெரிய கவளத்தை எடுத்தார். ஒவ்வொரு வருஷமும் அவர் பிடிக்கிற உருண்டையில் ஒன்றைத்தான் ஜில்தா தனியாக எடுத்து வைப்பாள். ஊருக்குக் காவலான சான் வலெந்தினோவின் திருநாள் வருகிறவரைக்கும், இரண்டு மாதம் அலமாரிக்குள் இருக்கும் அது. அன்றைக்கு எடுத்து வெட்டும்போது காயாமல், பூஞ்சை பிடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் காற்றுப் புகாமல் இறுக்கிப் பிடித்த உருண்டையாக இருக்க வேண்டும். ஓரெஸ்தே பிடித்தது ஒருநாளும் கெட்டதில்லை. இப்போது இடது உள்ளங்கையில் வைத்து வலது கையால் அழுத்தினார். எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து அழுத்தினார். ஒருபக்கம் பிதுங்கியது; அதைச் சரிசெய்தால் மறுபக்கம் சரிந்தது. கொப்புளம் ஒன்று உடைந்திருக்க வேண்டும், ஜில்தா முகத்தைத் திருப்பிக்கொண்டதிலிருந்து தெரிந்தது. கடைசியில் அதைத் தகட்டின் ஓரத்தில் வைத்தார். மற்றதெல்லாம் மொழுமொழுவென்று நிற்க, அது மட்டும் தோள் சரிந்து நின்றது.

வெந்து வெளியே வந்தபோது அதன் உச்சி பிளந்திருந்தது. உள்ளே ஒரு முழு பாதாம் வெள்ளையாகத் தெரிந்தது.

வாஸ்கோவும் நெல்லாவும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். படியிறங்கும் முன் வாஸ்கோ திரும்பிப் பார்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டான். சன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஜில்தா ஆறியவற்றை வெள்ளித்தாளில் சுற்றி வரிசையாக வைத்தாள். வரிசையில் இரண்டை மட்டும் தள்ளி வைத்தாள். அல்வாரோ வீட்டுக்கு.

ஜில்தா மறுபடி துணி சுற்றிவிட்ட கையோடு ஓரெஸ்தே எழுந்து கோட்டை மாட்டினார். பொத்தான் போடவில்லை. தகட்டில் தனியாகக் கிடந்த பிளந்த உருண்டையை எடுத்து, வெள்ளித்தாளை இடது கையால் இழுத்துச் சுற்ற முயன்றார்.

"அதயா கொண்டுபோற? நல்லதா ரெண்டு இருக்குல்ல," என்றாள் ஜில்தா. "பொளந்து கெடக்கே."

"இதுதான் நான் புடிச்சது."

ஜில்தா அவரையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து தாளின் நுனிகளை மடித்து ஒழுங்காகச் சுற்றிக் கொடுத்தாள். கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். கழுத்துப் பக்கம் வந்ததும் அவள் விரல்கள் அங்கேயே கொஞ்சம் நின்றன.

"நானும் வரட்டுமா?"

"வேணாம்."

நேரா என்கிற ஆற்றின் பாலத்தைத் தாண்டினால் அல்வாரோ இருக்கிற குடியிருப்பு. பாலத்தில் குளிர்காற்று கோட்டைத் தூக்கியது. பகல் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்த இரண்டு பேர், "நல்லா வந்துச்சா ஓரெஸ்தே?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். பம்பபாத்தோவைத்தான் கேட்டார்கள். வந்துச்சு என்றார். அவர்கள் போனபிறகு பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். பொட்டலத்தை ஆற்றில் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். காலையில் ஏணியில் ஏறலாம், இன்னும் கவனமாக, இன்னும் மெதுவாக, கையைக் கயிற்றால் நெம்புகோலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாவது. கயிற்றால் கட்டுவதைப் பற்றி அவர் நிஜமாகவே யோசித்தார். எந்த முடிச்சு, அதை ஒற்றைக் கையால் எப்படிப் போடுவது என்றுகூட யோசித்தார். யோசித்துக்கொண்டே நடந்து பாலத்தைக் கடந்துவிட்டார்.

அல்வாரோவின் மாடிப்படியிலும் அதே வாசனைதான், மிளகு மட்டும் தூக்கல். மணியை அழுத்தினார். கதவைத் திறந்த அல்வாரோ சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தான். இரண்டு கைகளிலும் கறுப்புப் பாகு. அவனும் பிசைந்துகொண்டிருந்திருக்கிறான். ஓரெஸ்தேவைப் பார்த்ததும் அவன் கதவை இன்னும் திறக்கவுமில்லை, சாத்தவுமில்லை.

"யாருங்க?" என்று உள்ளேயிருந்து பீனாவின் குரல் கேட்டது.

"ஓரெஸ்தே," என்றான் அல்வாரோ. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"வாஸ்கோ அனுப்பினானா?" என்று அல்வாரோ கேட்டான்.

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

"திருநாளுக்காக்கும்." அல்வாரோ பொட்டலத்தைப் பார்த்தான். "என் கையிலயா குடுக்கப் போறீங்க? நான் தொட்ட பொருள்னா இப்பல்லாம் ஊர்ல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

ஓரெஸ்தே இடது கையில் இருந்த பொட்டலத்தைத் துணி சுற்றிய வலது கைக்கு மாற்றினார். விரல்கள் பிடித்துக்கொண்டனவா என்று குனிந்து பார்த்து உறுதிசெய்துகொண்டார். பிறகு முழங்கையை இடுப்பில் அண்டக் கொடுக்காமல், கையை முழுதாக அல்வாரோவின் முன்னால் நீட்டினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து வெள்ளித்தாள் மெல்லச் சரசரக்க ஆரம்பித்தது. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரைக்கும் ஆடியது. ஓரெஸ்தே அதை நிறுத்தப் பார்க்கவில்லை. வாங்கிக்கொள்ள நீண்ட அல்வாரோவின் கறுப்புக் கை பாதியிலேயே நின்றது. அவன் பொட்டலத்தைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே, கொப்பரை நெம்புகோலைப் பிடிக்கிற அந்த மணிக்கட்டைப் பார்த்தான், பிறகு ஓரெஸ்தேவின் முகத்தை, மறுபடியும் மணிக்கட்டை. அவனுக்குப் பின்னால் பீனா வந்து நின்றாள். அடுப்படி விளக்கு வெளிச்சம் வெள்ளித்தாளில் பட்டுத் தெறித்து, மாடிப்படிச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக ஏறி, நிற்க இடம் கிடைக்காதது போல அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது.